கடைசி விளக்கு வரும் வரை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சாவடிக் கட்டணம் கிடையாது. மாணவர்களாகிய நமக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய்க்குக் காசிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். தோட்டத்தை விட்டுப் பிரிந்து போனவர்களைத் திருவிழாவுக்குத் திரும்ப அழைத்து வருவதும் பெரும்பாலும் இந்தக் 'கப்சாய்' மோட்டார்கள்தாம்.

என் ஊர் மலாக்கா, சுங்கை ரம்பாய். வானம் தெளிந்த நாளில் தூரத்தில் லேடாங் மலை தெரியும். மற்றபடி எங்களுக்குப் பழக்கமானது சமவெளியும் செம்பனையும்தான். பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழன் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பையன். சென்ற ஆண்டு ஆடி மாதம், தன் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என்னை அழைத்தான். காப்புக் கட்டுவதற்கு அவன் முன்னதாகவே போய்விட்டான். ஊர்த் தோழர்கள் மூவரும் நானும் இரண்டு மோட்டார்களில் ஜாசின் வழியாகப் புறப்பட்டோம். தாப்பாவுக்கே 300 கிலோமீட்டருக்கு மேல்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் அது நம்மை 1,400 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கூடவே எங்கள் மோட்டாரின் பின்சக்கரத்தில் ஓர் ஆணி. பட்டறைக்கு எங்கே போவது? தள்ளிக்கொண்டே நடந்தோம். சாலையோரத்தில் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்த ஓராங் அஸ்லி பெரியவர் ஒருவர், எதுவும் கேட்காமல் டியூபைக் கழற்றி ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ரிங்லெட்டைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. பனிமூட்டத்தில் முன்னால் போகும் மோட்டாரின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. கைப்பேசியிலும் தொடர்பு இல்லை. கோயிலை அடைந்தபோது மணி ஒன்பது. எட்டு மணிக்கே கரகம் புறப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உறுமி மேளக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வாசல் திண்ணையில் ஒரு பாட்டி, கீழே மலைச்சாலையைப் பார்த்தபடியே இருந்தார். எங்களைக் கண்டதும், "ரெண்டு வெளக்கும் வந்துருச்சுப்பா. இனிமே தூக்குங்க," என்றார். அடுத்த நொடி மேளம் முழங்கியது.

பிறகு நண்பன் காரணத்தைச் சொன்னான். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஷா ஆலாம் தொழிற்சாலையில் வேலை செய்த அத்தோட்டத்து இளைஞன் ஒருவன் திருவிழாவுக்கு மோட்டாரில் வரும் வழியில், கீழே ஒரு வளைவில் லோரியில் மோதி இறந்துபோனான். அது தெரியாமல் இங்கே கரகம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு தோட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வருகிறவர்கள் முன்கூட்டியே பெயரைச் சொல்லிவிட வேண்டும். கடைசி மோட்டாரின் விளக்கு தெரியும் வரை கரகம் தூக்குவதில்லை. விளக்கை எண்ணும் அந்தப் பாட்டி, இறந்தவனின் அப்பாயி.

அன்றிரவு கோயிலில் நின்றவர்களில் தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தாம். கொழுந்து வெட்டும் வேலையில் இப்போது வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். பால்குடம் எடுத்த பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். இவர்கள் வராவிட்டால் கரகத்தைத் தூக்கவே ஆள் இருக்காது.

மறுநாள் இறங்கும் முன், லோரி ஓட்டும் மாமா ஒருவர் எங்களை நிறுத்தி, "தம்பி, ஏறுன கியர்லயே எறங்குங்க. பிரேக்க மட்டும் நம்பாதீங்க," என்றார். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். சின்ன கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பாதி வழியில் அதற்குச் சோதனையும் வந்தது. முன்னால் போன தோழனின் பிரேக் திடீரென்று பிடிக்கவில்லை. இரண்டாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால், புல்மேட்டில் சாய்த்து நிறுத்திவிட்டான். முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று.

நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். "பஸ்ல வாடா" என்று அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோட்டத்துக் கோயில் வாசலுக்குப் பேருந்து வருவதில்லை. வராதே என்று பிள்ளைகளைத் தடுப்பதும் எளிதன்று. அவர்கள் அவசரப்படாமல் வர நேரம் கொடுப்பது நம்மால் முடியும்.

எங்கள் சுங்கை ரம்பாய்ப் பிள்ளைகளும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும்தான் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்து, இரவோடு இரவாக மோட்டாரில் வருபவர்கள். ஊர் திரும்பியதும் எங்கள் கோயில் தலைவர் தாத்தாவிடம் இந்த வழக்கத்தைச் சொன்னேன். "நல்ல நேரம் தப்பிருமேய்யா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, வர்ற புள்ளைங்க பேரெல்லாம் எழுதிக் குடு," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 17 பேர். அதில் 11 பேர் மோட்டாரில் வருபவர்கள்.