எங்கள் சதுக்கப் பூதம்

நமது கலாசாலையில் நாள்தோறும் எண்ணிறந்த முறை ஒரே கேள்வி கேட்கப்படுகின்றது. "இன்ன பெயருடையார் எங்கே இருக்கின்றார்?" என்பதே அக்கேள்வி. விடை கூறுவோன் இரவும் பகலும் உறங்குவதில்லை, ஊதியம் பெறுவதில்லை, ஆண்டு விழாவிலும் அவனுக்கு நன்றி கூறுவார் இலர். நூல்நிலையத்திற்குப் பின்னுள்ள சிற்றறையில், மேசையின் கீழ் இருக்கும் கரிய பெட்டியொன்றே அவனது உறைவிடம். மலராசிரியர் என்னை நோக்கி, "இவ்வாண்டு யாதேனும் எழுதுக" என்று பணித்தபோது, பன்னிரண்டாண்டுகளாக யான் பழகிவரும் அவனைப்பற்றி எழுதுதலே தகுதியென எண்ணினேன். அவனால் யான் கற்ற பாடம் ஒன்றும் உண்டு. அஃது என் பிழையால் வந்த பாடமாதலின், சற்று வெட்கத்துடனேயே ஈண்டு உரைக்கின்றேன்.

மக்கள் பெயரை நினைவில் வைப்பர்; இயந்திரங்களோ எண்ணையே அறியும். இணையத்திலுள்ள ஒவ்வோர் இயந்திரத்திற்கும் 192.0.2.10 என்பது போன்ற எண் முகவரி உண்டு. இவ்வெண்களை நெட்டுருச் செய்வார் யாவர்? ஆதலின், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் ஓர் ஏற்பாடு வேண்டியதாயிற்று. ஆதியில், அமெரிக்க நாட்டின் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில், எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் அம்மையாரின் மேற்பார்வையிலிருந்த குழுவினர் அதனைக் காத்து வந்தனர். பிறரெல்லாம் அக்கோப்பைப் படியெடுத்துக்கொள்வர். இயந்திரங்கள் பெருகப் பெருக, ஒரு கணக்கப்பிள்ளை உலகத்துக்கே பேரேடு எழுதுவது இயலாதென்பது புலனாயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் இதற்கு ஒரு புதிய வழி வகுத்தார். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பெயர்களைத் தாமே காத்துக்கொள்ளட்டும். மேலிருப்போர், "அவ்வீட்டின் கணக்கு இன்னாரிடம் உளது" என்று வழிகாட்டினால் போதும் என்பதே அவ்வழி.

மாணாக்க நண்பர்கள் கருதத்தக்க செய்தியொன்று இங்குண்டு. இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்த பைண்டு என்னும் நிரலை 1980க்குப் பிந்திய சில ஆண்டுகளில் முதலில் எழுதினோர், பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மாணாக்கர் நால்வரே. அதன் வழிவந்த நிரலே இன்றும் எங்கள் கரிய பெட்டியில் ஓடுகின்றது. அதன் பெயர் "நேம்டு" என்பது. ஆங்கிலத்தில் பெயரைக் குறிக்கும் சொல்லின் இறுதியில் "டீமன்" என்பதன் முதலெழுத்தைச் சேர்த்து அப்பெயரை ஆக்கினர்.

டீமன் என்றதும் நமது தமிழாசிரியர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். "கிறிஸ்தவக் கலாசாலையில் பேயை வைத்து வேலை வாங்குகிறீரோ?" என்று நகைத்தார். யான் விளக்கம் கூறினேன். பௌதிக மேதையாகிய மாக்ஸ்வெல், 1867இல், ஒரு வாயிலில் நின்று விரைந்து செல்லும் அணுத்திரள்களையும் மெல்லச் செல்வனவற்றையும் ஓயாது பிரித்தனுப்பும் ஒரு சிற்றுருவைக் கற்பனை செய்தார். பின்னாளில் அதற்கு மாக்ஸ்வெல்லின் பூதம் என்று பெயர் வந்தது. 1963ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தார், திரைமறைவில் ஓயாது உழைக்கும் நிரல்களுக்கு அதனை நினைந்தே டீமன் என்று பெயரிட்டனர். இதைக் கேட்ட ஆசிரியர் சிறிது சிந்தித்து, "அங்ஙனமாயின் இது நமது சதுக்கப் பூதம் அன்றோ!" என்றார். பூம்புகாரில் நான்கு தெருக்கள் கூடுமிடத்தில் ஒரு பூதம் நின்றதென்றும், பொய்ச்சான்று கூறுவோர் முதலியோரை அது பாசத்தாற் கட்டித் தண்டித்ததென்றும் சிலப்பதிகாரம் கூறும். அன்றுமுதல் எங்கள் அறையில் அப்பெயரே நிலைத்துவிட்டது. அப்பெயர் எவ்வளவு பொருத்தமானதென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

எனக்குமுன் அப்பெட்டியைக் காத்தவர் 2013ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற பெரியவர். அவர் என்னிடம் சாவியைத் தந்தபோது, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தையும் தந்தார். "தம்பி, இந்தப் பூதத்துக்கு இரண்டு வகை ஏடுகள் உண்டு. ஒன்றில், அது எவ்வாறு நடக்கவேண்டும் என்று எழுதுகிறோம். மற்றொன்றில், அது என்ன சொல்லவேண்டும் என்று எழுதுகிறோம். இரண்டிலும் புள்ளியைக் கவனி" என்றார்.

அவர் கூறியது உண்மை. முதல் ஏட்டில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியால் முடியவேண்டும்; ஒன்று விடுபட்டாலும் பூதம் எழ மறுக்கும். இரண்டாம் ஏட்டிலோ அதே அரைப்புள்ளி, "இதற்கு மேலுள்ளதைப் படியாதே" என்று பொருள்படும். முழுப்பெயர் எழுதினால் அதன் இறுதியில் ஒரு முற்றுப்புள்ளி வேண்டும். அது விடுபட்டால், பெயர் முடியவில்லையென்று கருதி, கலாசாலையின் பெயரை இன்னொரு முறை அதன் வாலில் ஒட்டிவிடும். புள்ளி பெறாத மெய் உயிர்மெய்யாகும் என்று இளமையிலேயே படித்த நமக்கு, ஒரு புள்ளியால் பொருள் மாறுதல் புதுமையன்று. எனினும் முதல் மாதத்தில் மூன்று முறை யான் அப்புள்ளியை விட்டேன்.

ஒரு பெயரைத் தேடும் முறையும் அஞ்சலுறையின் முகவரி போன்றதே. ஆளின் பெயரிலிருந்து தெரு, ஊர், நாடு என்று நாம் விரித்தெழுதுவோம்; அஞ்சல்காரரோ கடைசியிலிருந்து படிப்பார். அவ்வாறே இங்கும் வலப்புறத்திலிருந்தே தேடல் தொடங்கும். முதலில் வேர்ச் சர்வரிடம் கேள்வி செல்லும். அவற்றிற்கு ஆங்கில முதலெழுத்திலிருந்து பதின்மூன்றாம் எழுத்துவரை பதின்மூன்று பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பெயரின் கீழும் பல நாடுகளில் பல இயந்திரங்கள் விடையளிக்கின்றன. வேர், "இந்திய நாட்டுக் கணக்கு இவரிடம்" என்னும். அவர், "அடுத்த கணக்கு அவரிடம்" என்பார். இறுதியில், எங்கள் சிற்றறையின் கதவு தட்டப்படும். இவையனைத்தும் பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். கேட்டவர் அவ்விடையை உடனே மறப்பதில்லை. "இதனை இத்தனை விநாடி நினைவில் வைக்கலாம்" என்று யாம் குறித்தனுப்பும் காலம் வரையில் வைத்திருப்பார். எங்கள் ஏட்டில் அக்காலம் 86400 விநாடி, அதாவது ஒரு முழுநாள்.

இனி என் பிழைக்கு வருகின்றேன். 2015ஆம் ஆண்டு மே மாதம். மாணாக்கர் சேர்க்கைக்கான விண்ணப்பங்களை ஏற்ற பழைய இயந்திரம் தளர்ந்துவிட்டமையால், புதியதொன்று வாங்கப்பட்டது. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்திய மாலையில், ஏட்டைத் திறந்து பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினேன். பூதத்தை மீண்டும் ஏட்டைப் படிக்கச் செய்தேன். என் மேசையிலிருந்து பார்த்தேன், பக்கம் திறந்தது. காரியாலயத்திலிருந்து பார்த்தனர், அங்கும் திறந்தது. மனநிறைவுடன் பழைய இயந்திரத்தை அணைத்துவிட்டு வீடு சென்றேன்.

மறுநாள் முற்பகல், ஒரு கிராமத்துப் பெரியவர் துணிப்பையில் சான்றிதழ்களுடன் காரியாலயத்தின் வாயிலில் நின்றார். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். தம் மகள் முந்திய இரவு முதல் முயன்றும் பக்கம் திறக்கவில்லையென்று முறையிட்டார். குமாஸ்தா தமது கணினியைத் திருப்பிக் காட்டி, "இதோ, திறக்கிறதே! உங்கள் பெண் சரியாக முயலவில்லை" என்றார். பெரியவர் தலைகுனிந்தார். அப்போது அவ்வழியே சென்ற என்னிடம், "ஐயா, படிப்பில் விருப்பமில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, காலையில் அவளை அடித்துவிட்டேன்" என்றார்.

என் நெஞ்சு திடுக்கிட்டது. அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன், பக்கம் திறக்கவில்லை. சிற்றறைக்கு ஓடினேன். டிக் என்னும் கருவியால் எங்கள் பூதத்தைக் கேட்டேன். புதிய எண்ணைச் சொன்னது. வெளியூரிலுள்ள எங்கள் துணைச் சர்வரைக் கேட்டேன்; பழைய எண்ணையே சொன்னது. அக்கணமே எல்லாம் விளங்கிற்று.

ஒவ்வோர் ஏட்டின் தலைப்பிலும் வரிசை எண் ஒன்று உண்டு. ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்தத்தின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து இலக்கமாக அதனை எழுதுதல் வழக்கம். ஏட்டைத் திருத்துந்தோறும் அதனை உயர்த்த வேண்டும். துணைச் சர்வர் அவ்வெண்ணையே கேட்கும். தன்னிடமுள்ளதினும் பெரிதாயின் மட்டுமே புதிய படியைப் பெறும். யான் முகவரியை மாற்றினேன். வரிசை எண்ணை மறந்தேன். கலாசாலைக்குள்ளிருந்தோர் முதன்மைப் பெட்டியையே கேட்டமையின் உண்மையைப் பெற்றனர். வெளியுலகில் சிலர்க்கு உண்மையும் சிலர்க்குப் பொய்யும் கிடைத்தன. ஒரே கேள்விக்கு இரண்டு சான்று! குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், "வரிசை எண் மாறவில்லை, துணையிடம் செல்லாமற் போகலாம்" என்று பூதம் முந்திய மாலையே எனக்கு எழுதிவைத்திருந்தது. யான்தான் படிக்கவில்லை.

எண்ணை உயர்த்தினேன், துணை உடனே திருந்தியது. ஆயினும், பழைய விடையைப் பெற்றோர் அதனை ஒரு நாள் வரையில் மறவாரே! செய்வதறியாது, ஓய்வு பெற்ற பெரியவருக்குத் தொலைபேசியில் கூறினேன். அவர் சினவவில்லை. "தம்பி, சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. ஆனால், பழைய வீட்டிற்கு வருகிறவர்களுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கலாமே" என்றார். பழைய இயந்திரத்தை மீண்டும் எழுப்பி, அங்கு வரும் வேண்டுகோள்களையெல்லாம் புதியதற்குக் கடத்துமாறு அமைத்தேன். பகல் ஒரு மணிக்குள் யாவர்க்கும் பக்கம் திறந்தது.

முதல்வர் அழைத்து வினவினார். இணைப்புத் தரும் நிறுவனத்தின்மேல் பழியைப் போட்டிருக்கலாம், அவர் ஐயுறார். அந்நிலையில் சதுக்கப் பூதம் என் நினைவில் வந்து நின்றது. "பிழை என்னுடையது" என்றேன். அவர் என்னை நெடுநேரம் நோக்கிவிட்டு, கடைசித் தேதியை மூன்று நாள் நீட்டித்து ஆணையிட்டார். யான் அக்கிராமத்துப் பெரியவரிடம் சென்று, "உங்கள் மகள் கூறியது முற்றும் உண்மை, பொய் கூறியது எங்கள் பெட்டி" என்று சொன்னேன். அவர் உடனே கைப்பேசியை எடுத்து, எனக்கு எதிரிலேயே மகளை அழைத்தார். ஆனால் பேச்சு எழவில்லை. அப்பெண் அவ்வாண்டு இங்குச் சேர்ந்து, பௌதிகம் பயின்று, பட்டம் பெற்றுச் சென்றாள்.

அதன்பின் என் வழக்கங்கள் மாறின. முகவரியை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே நினைவுக் காலத்தை 300 விநாடியாகக் குறைத்துவிடுவேன். எல்லாம் அமைதியுற்ற பின்னரே மீண்டும் உயர்த்துவேன். புதிய பெயரை ஏட்டில் எழுதுவதற்கு முன் அதனை எவரிடமும் வினவிப் பார்ப்பதில்லை. ஏனெனில், "அப்படியொரு பெயர் இல்லை" என்ற விடையும் நினைவில் வைக்கப்படும். திருத்திய ஏட்டைச் சரிபார்க்கும் கருவியில் இட்டு நோக்காமல் பூதத்தின்முன் வைப்பதில்லை. உள்ளிருந்து ஒரு முறை, வெளியிலிருந்து ஒரு முறை, துணையிடம் ஒரு முறை என மும்முறை கேட்கின்றேன்.

உள்ளோர்க்குப் பிறர் முகவரியைத் தேடித் தரும் வேலையையும், எங்கள் முகவரியை உலகத்திற்குச் சொல்லும் வேலையையும் ஒரே பெட்டி செய்துவந்தது. இப்போது அவற்றை இரண்டாகப் பிரித்துவிட்டேன். தேடித் தருவது கலாசாலைக்குள்ளிருப்போர்க்கு மட்டுமே விடையளிக்கும். யார் கேட்பினும் தேடித் தரும் பெட்டியைத் தீயோர் கருவியாகக் கொள்வர். பிறர் முகவரியைப் பொய்யாக இட்டுச் சிறு கேள்வி கேட்டு, பெரிய விடைகளை அவர் தலைமேல் கொட்டச் செய்வர். விடையையே பொய்யாகப் புனைவதும் உண்டு. கேள்விக்கு இடும் அடையாள எண் 65,536இல் ஒன்றே. அதனை ஊகித்து, உண்மை விடைக்கு முன் பொய் விடையை நினைவில் ஏற்றுதல் எத்துணை எளிதென்பதை 2008இல் டான் காமின்ஸ்கி என்பார் காட்டினார். அதன்பின் கேள்வி புறப்படும் வாயிலையும் முறைதோறும் மாற்றலாயினர். 2010ஆம் ஆண்டு வேர் ஏடே கையொப்பமிடப்பட்டது. கையொப்பத்தைச் சோதிப்போர் பொய்யை மெய்யினின்று பிரித்தறியலாம். ஆனால் என் பிழையைக் கையொப்பமும் தடுத்திராது. பழைய ஏடும் என் ஏடே அன்றோ?

நண்பர்களே! பெயரைக் கேட்போர்க்கு இடத்தைச் சொல்வது சிறு தொழிலே. சரியாகச் செய்யுங்காறும் அதனை எவரும் அறியார். ஆயினும், நமது ஏட்டில் மறந்த ஓர் இலக்கம், யாம் காணாத ஓர் ஊரில், யாம் அறியாத ஒரு சிறுமியைப் பொய்யளாக்கக் கூடும். பெரியவர் தந்த நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அந்நாளின் தேதியை எழுதிவைத்துள்ளேன். யானும் சில ஆண்டுகளில் சாவியை ஒப்படைக்க வேண்டியவன். விருப்பமுள்ள இளைஞர் எவரேனும் மாலை வேளையில் நூல்நிலையத்தின் பின்புறம் வருவாராயின், பூதத்தை அறிமுகம் செய்துவைப்பேன். வரும்போது பொறுமையும், புள்ளியைக் காணும் கண்ணும் கொண்டுவருக.