பலெர்மோவில் கேட்ட விலை

பள்ளி விடுமுறைக்கு மியூனிக்கிலிருந்து பலெர்மோ போயிருந்தோம். தங்கியது பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில். தெருவில் இறங்கினால் தமிழ்ச் சத்தம் கேட்கும். சிசிலித் தீவின் இந்த நகரத்தில் ஈழத்தமிழர்கள் பல வருஷமாக வாழ்கிறார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் மூணாம் நாளே சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி கோவில்பட்டியிலிருந்து அம்மா போன். வீட்டை விற்றுவிட்டு சென்னைக்கு, அக்கா வீட்டுப் பக்கம் போகிறார்கள். "பரண்ல உன் காமிக்ஸ் பெட்டி கிடக்குப்பா. எடைக்குப் போட்டுரவா?" என்றார். "அப்புறம் சொல்றேன்மா" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் எங்களை பியாட்சா மரீனாவுக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழைய பொருள் சந்தை. நடுவில் கரிபால்டி தோட்டம். அதில் நம்ம ஊர் ஆலமரத்தின் பெரியப்பா மாதிரி, விழுதுகளே தூண்களாகிவிட்ட ஒரு பிரம்மாண்ட மரம். அதைச் சுற்றி விளக்கு, நாற்காலி, பீங்கான் தட்டு என்று கடை பரப்பியிருந்தார்கள். ஒரு மேஜை முழுக்க காமிக்ஸ்.

முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் சட்டை டெக்ஸ் வில்லர்! 1948இல் மிலானில் பிறந்தவர். சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக 1985 முதல் தமிழ் பேசுபவர். அடுத்து 'நெம்போ கிட்'. யாரென்று பார்த்தால் நம்ம சூப்பர்மேன். 1954 முதல் 1966 வரை இத்தாலியில் அவருக்கு அதுதான் பேர். நெஞ்சிலிருந்த 'எஸ்' எழுத்தைக்கூட அழித்துத்தான் அச்சடித்தார்கள். பக்கத்தில் 'லூவோமோ ராஞ்ஞோ', அதாவது ஸ்பைடர்மேன். 1970இல் இத்தாலியில் தொடங்கிய வரிசை.

அதில் ஒரே இதழ் இரண்டு பிரதி இருந்தது. ஒன்று 5 யூரோ, இன்னொன்று 40. "ஏன் இப்படி?" என்று அண்ணனைக் கேட்கச் சொன்னேன். கடைக்காரர் நீளமாக ஏதோ விளக்கினார். அண்ணன் சுருக்கிச் சொன்னார்: "தம்பி, ரெண்டும் ஒண்டுதான். இதைப் பிள்ளையள் வாசிச்சிட்டினம். அதை ஒருத்தரும் தொடேல்லையாம்."

சேகரிப்பாளர் விலையின் சூட்சுமமே இதுதான். சூப்பர்மேன் முதலில் வந்த 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் 10 சென்ட். 2024இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பழசு என்பதால் மட்டும் இல்லை. குழந்தைகள் கிழித்தார்கள், அம்மாக்கள் தூக்கிப் போட்டார்கள், உலகப்போரின்போது பழைய காகிதமாகப் போனது. தப்பியது கொஞ்சம்தான். 1991இல் வந்த 'எக்ஸ்மென்' முதல் இதழோ 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பின்னால் விலை ஏறும் என்று ஏகப்பட்ட பேர் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரிடமும் இருப்பதால் இன்று சில டாலர்தான். தூக்கிப் போட்டவர்கள்தான் மிச்சம் இருப்பதற்கு விலை ஏற்றுகிறார்கள்!

அண்ணனிடம் பெட்டிக் கதையைச் சொன்னேன். சித்தப்பா விட்டுப்போன முத்து காமிக்ஸ்கள் அதில் இருக்கின்றன. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை. அட்டையில் செல்லோடேப், உள்ளே என் கிறுக்கல். கடைக்காரர் கணக்கில் எல்லாம் 5 யூரோ ரகம்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட வீட்டிலயும் மாயாவி இருந்தவர். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. தொண்ணூற்றஞ்சில இடம்பெயரேக்க விட்டிட்டு வந்தம். திரும்பிப் போகேக்க பெட்டி இல்லை, வீடும் இல்லை. உங்கட அம்மாவுக்கு இண்டைக்கே போன் எடுங்கோ தம்பி" என்றார்.

மகனுக்கு அந்த 5 யூரோ ஸ்பைடர்மேனை வாங்கினேன். உள்பக்கத்தில் யாரோ ஒரு பையன் கோணல்மாணலாகத் தன் பேரை எழுதி வைத்திருந்தான்.

ஊரில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், நாலு விஷயம். முதலில், எது முதல் பதிப்பு, எது மறுபதிப்பு என்று பாருங்கள். மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு கண்டவை. பழைய பதிப்புக்குத்தான் மவுசு. இரண்டு, கிழிசலை டேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் பண்ணாதீர்கள், பைண்டிங் கடைக்கும் கொடுக்காதீர்கள். மூணும் மதிப்பைக் குறைக்கும். மூணு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஓட்டு வீட்டுப் பரண் அதற்கு லாயக்கில்லை. நாலு, எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த மரத்தடியிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். "பெட்டியைக் கொடுத்துராதீங்கம்மா."

"நாளைக்குக் காலைல பேப்பர்காரர் வர்றாரு. வாசல்ல எடுத்து வச்சாச்சு."

"வேண்டாம்மா. உள்ள எடுத்து வைங்க. நான் வந்து எடுத்துக்கறேன்."

போனில் கொஞ்சம் அமைதி. "சரி, வச்சிருக்கேன். எப்பப்பா வருவ?"

மூணு வருஷமாக அந்தக் கேள்விக்கு "பார்க்கலாம்மா" என்றே சொல்லி வந்தேன். அன்றைக்கு ராத்திரி பலெர்மோவில் உட்கார்ந்தே மதுரைக்கு டிக்கெட் போட்டேன்.