மருந்துப் பையின் கணக்கு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தவர்கள், வந்து போகும் நோய்களை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வந்தால் போவதில்லை. அவற்றுக்கான மருந்தும் போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் முதியவர் இருக்கும் வீடுகளில் கதவுக்குப் பின்னாலோ, சாமி படத்துக்குக் கீழுள்ள ஆணியிலோ ஒரு பை தொங்குவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஜவுளிக்கடை மஞ்சள் பை. உள்ளே ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள், மடித்து மடித்துக் கிழிந்த சீட்டுகள், ஸ்கேன் படம் ஒன்றிரண்டு. ஒரு மனிதரின் பத்து வருட மருத்துவ வரலாறு முழுவதும் அந்தப் பையில்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

எங்கள் அம்மாவின் பையைப் பற்றித்தான் எழுத வந்தோம். அம்மாவுக்கு 79 வயது. ஆலங்குடிப் பக்கத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் மூவர். ஒருவர் புதுக்கோட்டையில், ஒருவர் திருச்சியில், ஒருவர் சிங்கப்பூரில். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், இரவு மூன்றாவது முறையாகச் சிறுநீர் கழிக்க எழுந்தபோது கொல்லைப்புறப் படியில் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது. மணிக்கட்டு முறிந்தது. ஏன் விழுந்தார் என்று கேட்டால் எல்லோரும் ஒன்றுபோல் சொன்னார்கள்: "வயசாயிருச்சுல்ல."

புதுக்கோட்டையில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்: "அம்மா என்னென்ன சாப்பிடுறாங்க? சீட்டு வேண்டாம். பையோட கொண்டு வாங்க."

*

பையை மேசையில் கொட்டினோம். 15 வகை இருந்தன.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தவை இரண்டு: கொதிப்புக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். நகரத்துத் தனியார் மருத்துவர் எழுதியவை ஐந்து: கொதிப்புக்கு டெல்மிசார்டன், சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கொழுப்புக்கு ஒன்று, இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், கூடவே 'கேஸ் மாத்திரை'. முழங்கால் வலிக்குப் பார்த்த எலும்பு மருத்துவர் தந்தவை மூன்று: வலி மாத்திரை, கால்சியம், இன்னொரு கேஸ் மாத்திரை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது வந்தவை மூன்று: கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை, வேறொரு பெயரில் மீண்டும் அதே டெல்மிசார்டன். சிங்கப்பூரிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரையும் மூட்டுத் தேய்மானத்துக்கான குளுக்கோசமைனும். மேல்வலி வரும் நாட்களில் மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் 'ஒரு செட்டு' மாத்திரை இந்தக் கணக்கில் சேராது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எழுதிய எவரும் கவனமில்லாமல் எழுதியதாகச் சொல்ல முடியாது. ஆனால் முழுப் பட்டியலையும் ஒருவர் ஒரே நேரத்தில் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

மருத்துவர் அட்டைகளை வரிசை மாற்றி வைத்தார். அதுவரை தனித்தனியாக இருந்தவை ஒரு கதையாகத் தொடர்ந்தன. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீங்குவது தெரிந்த பக்க விளைவு. அந்த வீக்கம் புதிய நோயாகக் கருதப்பட்டு, நீர் பிரியும் மாத்திரை வந்தது. அதை மாலையில் போட்டதால் அம்மா இரவில் மூன்று முறை எழுந்தார். தூக்கம் கெட்டது, தூக்க மாத்திரை வந்தது. வலி மாத்திரை கொதிப்பை ஏற்றக்கூடியது. கொதிப்பு ஏறியதும் அதற்கு இன்னொரு மாத்திரை. அதுவும் இரண்டு பெயர்களில் இரட்டை அளவு. நடு இரவில் தூக்க மயக்கமும் நீர் வற்றிய உடம்பும் தாழ்ந்த கொதிப்புமாக ஒருவர் படியிறங்கினால் விழாமல் என்ன செய்வார்? வலி மாத்திரை, டெல்மிசார்டன், நீர் பிரியும் மாத்திரை ஆகிய மூன்றும் சேர்வது சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல் என்றும் சொன்னார்.

மருந்தின் விளைவை நோயென்று எண்ணி அதற்கும் மருந்து தரும் இந்தச் சங்கிலிக்கு மருத்துவ உலகில் பெயரே உண்டு. பௌலா ரோஷோன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இதை விரிவாக எழுதினார்கள். அதற்கு முன்பே, 1991-இல், அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். பின்னர் எல்லா முதியவர்களுக்குமாக விரிந்த அந்தப் பட்டியல் 2023-இலும் திருத்தப்பட்டது. ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வதைப் பன்மருந்துப் பயன்பாடு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'தீங்கில்லா மருந்து' இயக்கம் முன்னுரிமை தந்த மூன்று சிக்கல்களில் அதுவும் ஒன்று.

முதிய உடம்பு வேறு உடம்பு என்பதுதான் இதன் அடிப்படை. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் சில தூக்க மருந்துகள் நாள்கணக்கில் தங்குகின்றன. நாற்பது வயதில் பொருந்திய அளவு எண்பதில் மிகையாகலாம். அம்மா கிருத்திகை விரதம் தவறாதவர். விரத நாளிலும் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, மதியம் வியர்த்துக் கண் இருட்டியதைச் 'சாமி சோதனை' என்று சொல்லி வந்திருக்கிறார். உண்ணாத வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விரதம் இருப்பீர்களா என்று யாரும் கேட்கவுமில்லை.

*

இதைப் படிப்பவர்கள் மருந்தே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மருந்து கிடைக்காத காலத்தையும் எங்கள் ஊர் அறியும். முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த புதுக்கோட்டைக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல்தான் வந்தது. அதுவரை பெரிய நோய் என்றால் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று பஸ் ஏற வேண்டும். ஒரே ஆள் நான்கு ஊர்ச் சீட்டுகளைச் சுமந்ததற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து தடையின்றிச் செல்ல வழி செய்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வந்தன. நடக்க முடியாத ஒரு கிழவிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. தேவையான ஐந்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு நடமாடுகிறவர்கள் உண்டு; தேவையான ஒன்றை நிறுத்திப் பக்கவாதத்தில் படுத்தவர்களும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குற்றம் சொல்வதற்கில்லை.

மருந்து வந்து சேரும் வழிகள் பல உண்டாகிவிட்டன. அது திரும்பிப் போகும் வழி ஒன்றும் இல்லை. மருந்தைத் தொடங்க ஒருவர் போதும். நிறுத்துவது யார்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொடத் தயங்குகிறார். ஏதும் ஆகிவிட்டால் பழி தம்மீது வரும் என்ற அச்சம் நியாயமானதே. கடைக்காரர் பழைய அட்டையைப் பார்த்து அதையே கொடுக்கிறார். ஐந்து நாளுக்கென்று எழுதிய கேஸ் மாத்திரை ஐந்து வருடம் ஓடுகிறது. முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆலங்குடியிலிருந்து கிண்டி வெகு தூரம்.

அம்மாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மாத்திரைகளை நிறத்தாலும் வடிவத்தாலும்தான் அறிவார். கம்பெனி மாறி நிறம் மாறினால் அது புது மருந்து. இதைவிட முக்கியமானது, குறைக்கலாம் என்றதும் அவர் முகம் வாடியதுதான். "இனிமே பாத்துப் பிரயோசனம் இல்லன்னு டாக்டரய்யா முடிவு பண்ணிட்டாரா தம்பி?" என்று கேட்டார். சிங்கப்பூர் மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது, "அது எம்புள்ள அனுப்புனது" என்றார். ஒவ்வொரு மாத்திரையும் தன்னை யாரோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சியாக அவருக்கு இருந்திருக்கிறது. மருந்தைக் குறைப்பதும் வைத்தியம்தான் என்று அவரை நம்ப வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. சிங்கப்பூர்த் தம்பி மாத்திரைக்குப் பதில் தினமும் மாலையில் போனில் பேசத் தொடங்கியபின் அது கொஞ்சம் எளிதாயிற்று.

ஒரே நாளில் எதையும் நிறுத்தவில்லை. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்தார். தூக்க மாத்திரையைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார். சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்றார். இரத்தமும் கொதிப்பும் இடையிடையே பார்க்கப்பட்டன. மூன்று மாத முடிவில் ஆறு மிஞ்சின: மெட்ஃபார்மின், ஒரே ஒரு டெல்மிசார்டன், பாதியளவு அம்லோடிபின், கொழுப்பு மாத்திரை, கால்சியம், வலித்தால் மட்டும் பாராசிட்டமால். கால் வீக்கம் வற்றியது. இரவில் ஒரு முறை எழுகிறார். முழங்கால் வலி போகவில்லை. கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு அதோடு இருக்கப் பழகிவிட்டார்.

இந்த மருத்துவர் எங்களுக்கு வாய்த்தது தற்செயல். ஒரு மாவட்டத்தின் முதியவர்கள் தற்செயலை நம்பி இருக்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மருத்துவரோ தேர்ந்த மருந்தாளுநரோ பையைக் கொட்டிப் பார்த்து, இது எதற்கு, எதுவரை, இன்னும் வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். அதற்குக் கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம். அரை மணி நேரமும், நிறுத்துவதற்கான அதிகாரமும் வேண்டும். அது அமையும்வரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எல்லா மருந்தின் பெயரையும் அளவையும், கொடுத்தவரையும், காரணத்தையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுவது. நாங்களாக எதையும் நிறுத்துவதில்லை. கேட்காமல் எதையும் சேர்ப்பதுமில்லை.