உழைச்செல்வான்

திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து என மூன்றைச் சொல்லி, நான்காவதாக உழைச்செல்வானை வைக்கின்றார். உழை என்றால் பக்கம். பக்கத்திலிருந்து பணிபுரிபவன் என்பது பொருள். அவனிடம் நோயாளிபால் அன்பும், தூய்மையும், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் திறமும், அறிவும் இருத்தல் வேண்டும் என்பது பரிமேலழகர் கருத்து. முப்பத்தைந்து ஆண்டுகள் மயிலாப்பூரில் தமிழாசிரியனாக இருந்து இக்குறளைப் பாடம் சொன்னேன். ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் அந்நான்காம் இடம் எனக்கே வந்து சேர்ந்தது.

சாந்தோமில் தேவாலய மணியோசையும் அலையோசையும் ஒருங்கே கேட்கும் சிறு வீடு எங்களுடையது. என் மனைவிக்குப் பதினான்கு ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. மாலைதோறும் பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் நடப்பது அவள் வழக்கம். ஒரு நாள் கூடத்துத் தரையில் சிறு சிறு செங்கறைகளைக் கண்டேன். கறைகள் சமையலறை வரை சென்றன. அங்கே அவள் அமைதியாகக் கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். காலைத் திருப்பிப் பார்த்தபோது, உள்ளங்காலில் கிளிஞ்சல் துண்டு ஒன்று ஆழப் பதிந்திருந்தது. சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. பதிந்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே!" என்றாள்.

மாணவர்களே, வலியை நாம் பகையென வெறுக்கின்றோம். அஃது உடலின் காவலன். முள் தைத்தால் கூவி எழுப்புவது அதுவே. குருதியில் சர்க்கரை மிகுந்து பல்லாண்டு நின்றால், கால் நரம்புகள் உணர்வு குன்றும். குருதிக் குழாய்களும் குறுகும். காவலன் உறங்கிவிடுகின்றான், பகைவன் புகுந்ததும் தெரிவதில்லை. புண்ணை ஆற்றும் குருதியும் அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை.

அன்றிரவே காய்ச்சல் கண்டது. விடிந்ததும் இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். சுண்டுவிரல் கறுத்துவிட்டிருந்தது. விரலை விட்டுக்கொடுத்தால் காலைக் காக்கலாம் என்றார் மருத்துவர். நான் பேச்சற்று நின்றேன். அவளோ, "எடுத்துவிடச் சொல்லுங்கள், நடக்கக் கால் இருந்தால் போதும். நீங்கள் அழாதிருந்தால் நானும் அழமாட்டேன்" என்றாள். நான் அழவில்லை. அறுவை அறையின் கதவு மூடிய பின்னரும் அவ்வாக்கைக் காத்து நின்றேன்.

அங்கே இருபத்துநான்கு நாள் தங்கினோம். பெண்கள் பகுதியில் இரவில் ஆடவர் தங்குவதற்கில்லை. எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மையார் ஒருவர், கேளாமலே இரவுத் துணைக்கு வந்தார். விடியலில் எழுந்து நொச்சிக்குப்பத்துக் கரைக்கு மீன் எடுக்கச் செல்வார். இரவில் மீண்டும் வந்துவிடுவார். நான் வெளித் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தேன். பகலில் என் பணி குறிப்பேட்டில் அடங்கியது. சர்க்கரை அளவு எத்தனை, இன்சுலின் எத்தனை அலகு, எந்நேரம் உணவு என்று எழுதி வைத்தேன். ஊசி போட்ட பின் உணவு தாழ்க்கலாகாது. இவற்றினும் கடினமான பணி ஒன்றிருந்தது. அடிபட்ட காலை அவள் தரையில் ஊன்றாமல் பார்த்துக்கொள்வதே அது. நாற்பது ஆண்டு ஓரிடத்தில் அமர்ந்தறியாதவளை அமர வைப்பது எளிதா?

இன்சுலின் என்றேன். கனடா நாட்டுத் தொராண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதற்கு வழி கண்டனர். மறு ஆண்டு சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. கண்டவர்கள் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டனர்! நம் சென்னையிலும் இந்நோய்க்கெனத் தனிப்பிரிவு ஒன்றை 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார் மருத்துவர் எம். விசுவநாதன்; 1954இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையையும் நிறுவினார். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. மாலை வேளையில் அத்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தால் அந்தக் கணக்கு நம்பக்கூடியதாகவே தோன்றும்.

நோயாளியைக் காண வருவோரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு வரலாகாது என்பது நம் பண்பாடு. அதனால் கும்பகோணத்து உறவினர் இலட்டு கொண்டுவந்தார். மற்றொருவர் திராட்சைச் சாறு. பின்னொருவர், புண்ணில் வைத்துக் கட்டப் பச்சிலை! எல்லாவற்றையும் வணக்கத்தோடு பெற்று, அவ்வாறே வெளியே கொண்டுபோனேன். இலட்டைத் தாழ்வாரத்து நண்பர்கள் உண்டனர். பச்சிலை குப்பைக்குச் சென்றது. வருவோர் இரண்டு பழைய கதை பேசி, அவளைச் சிரிக்க வைத்துப் போனால் அதனினும் சிறந்த பண்டம் உண்டோ?

பதினோராம் இரவு அம்மையார் ஓடி வந்தார். "ஐயா, அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது; பேச்சுக் குழறுகிறது" என்றார். குருதியில் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்துவிட்டது. செவிலியர் விரைந்து குளுக்கோசுக் கரைசலைப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் அவள் கண் தெளிந்து என்னைப் பார்த்தாள். பதினான்கு ஆண்டு நாங்கள் விலக்கி வைத்த இனிப்பு அன்று உயிரைத் தாங்கிற்று. குறிப்பேட்டில் அந்நேரத்தையும் எழுதினேன். என் கை நடுங்கியிருந்தமை அவ்வெழுத்தில் இன்றும் தெரிகிறது.

வீடு திரும்பிய பின் பணி குறைந்தது, முடியவில்லை. மெத்தென்ற தனிச் செருப்பு அணியாமல் அவள் வீட்டினுள்ளும் நடப்பதில்லை. கால் கழுவும் நீரின் சூட்டை முதலில் நான் தொட்டுப் பார்க்கிறேன். கபாலீசுவரர் கோயிலுக்குச் செருப்பின்றிச் செல்ல வேண்டியிருப்பதால், கல் சுடும் நண்பகலை விலக்கி, காலை இளவெயிலில் போய் வருகின்றோம். மாலை நடை இப்பொழுது மணலை ஒட்டிய சாலையோடு நின்றுவிடுகிறது.

இரவு உணவுக்குப் பின் அவள் கால் நீட்டி அமர்வாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டி, விளக்கை அருகே இழுத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சிவந்த இடம் உண்டா, வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். என் விரல் படுவதை அவள் பாதம் அறியாது. என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வாள்.

"எண்ணியாயிற்றா? ஒன்பதும் இருக்கின்றனவா?" என்று கேட்பாள்.

"இருக்கின்றன" என்பேன். அதன் பிறகே விளக்கை அணைப்போம்.