வாடைக்காலத்தில் பிறந்த கட்டளை

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அண்டிய கிராமமொன்றில் முட்டைக்கோழி வளர்த்துப் பிழைத்த அம்மா ஒருவருக்காக நான் வாதாடிய வழக்கில், கோழிக்காகப் பேசச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. முறைப்பாடு பக்கத்து வீட்டாருடையது: நாற்றம், இலையான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு இப்படியான பொதுத்தொல்லைகளுக்கென்றே இருக்கிறது. நீதவான் முதலில் நிபந்தனைக் கட்டளை ஒன்று பிறப்பிப்பார். தொல்லையை அகற்ற வேண்டும், அல்லது மன்றுக்கு வந்து ஏன் அகற்ற முடியாது என்று காரணம் காட்ட வேண்டும்.

முறைப்பாட்டில் பொய் இல்லை. அது மாரிகாலம். கூரை ஒழுகி, தரையில் பரப்பிய மரத்தூள் ஊறிக் கிடந்தது. ஈரத்தில் எச்சம் சிதைந்தால் அமோனியா கிளம்பும், அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கத் தொடங்கிவிடும். வடகிழக்கிலிருந்து வீசிய வாடை அதை அள்ளிக்கொண்டுபோய், தென்மேற்கே இருந்த அயல்வீட்டுக்குள் கொட்டியது. அங்கே இழுப்பு நோயுள்ள பிள்ளையொன்றும் இருந்தது. கொட்டிலின் தென்மேற்குப் பக்கத்தை நிலத்திலிருந்து தாழ்வாரம்வரை பொலித்தீனால் அடைக்க வேண்டும் என்று கட்டளையாயிற்று. அன்றைய நிலையில் அதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் கட்டளைக்குப் பருவம் தெரியாது. சித்திரை கழிந்து கச்சான் தொடங்கியதும் காற்று திசை மாறி, அடைத்த பக்கத்திலேயே வந்து மோதியது. இப்போது நாற்றம் அயல்வீட்டுக்குப் போகவில்லை. காற்றும் கொட்டிலுக்குள் வரவில்லை. மேலே தகரம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது. வெக்கை ஏறினால் வாயைத் திறந்து இரைப்பதுதான் அதற்குள்ள முக்கிய வழி. அப்படி இரைக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறி, இரத்தத்தின் தன்மை மாறி, முட்டை ஓட்டுக்குச் சேரவேண்டிய சுண்ணாம்பு குறைகிறது. முதலில் ஓடு மெலிந்தது. பிறகு கோழிகள் சாகத் தொடங்கின. "ஐயா, கோட்டுக்குப் பயந்து கோழியைச் சாகவிடுறதோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

எனக்கு அகப்பட்ட சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம். அதன்படி விதிக்கக்கூடிய உச்ச தண்டப்பணம் நூறு ரூபாய். அதை எடுத்தாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவர் என் கட்சிக்காரரே. கட்டளைக்குப் பணிந்தால் வதை, மீறினால் நீதிமன்றக் கட்டளையை மீறிய குற்றம். வெளிநாடுகளிலும் தேடிப் பார்த்தேன். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், 11ஆம் பிரிவில், அசைந்து திரிய நியாயமான வாய்ப்பில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. 1997இல் லண்டனில் நீதிபதி ரோஜர் பெல், முட்டைக்கோழியை ஆயுள் முழுக்க நெருக்கமான கூண்டில் அடைத்துவைப்பது கொடுமை என்றே தீர்த்தார். ஆனால் அது மக்டொனால்ட்ஸ் நிறுவனம் இருவர்மீது தொடுத்த அவதூறு வழக்கு! கோழி எங்கே போனாலும் யாரோ ஒருவருடைய வழக்கின் பின்கதவால்தான் மன்றுக்குள் நுழைய முடிகிறது.

நானும் அந்தக் கதவையே திறந்தேன். கோழியின் வேதனையை விட்டுவிட்டு, உடைந்த முட்டைகளையும் குறைந்த வருமானத்தையும் காட்டி, கட்டளையைத் திருத்தும்படி விண்ணப்பித்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, கோழிகளைக் கம்பிக்கூண்டுக்கு மாற்றினால் எச்சம் கீழே விழுந்துவிடும், பிரச்சினை தீரும் என்றார். இந்தியாவில் வழக்கமாயிருந்த அத்தகைய கூண்டில் கோழியொன்றுக்குக் கிடைத்தது 450 சதுர சென்ரிமீற்றர். என் விண்ணப்பத்தை எழுதிய ஏ4 தாள்கூட அதைவிடப் பெரிது. மண்ணில் புரள்வதும், இரவில் தடியில் ஏறியிருப்பதும், மறைவில் முட்டையிடுவதும் கூண்டில் முடியாது.

வழக்கைத் தீர்த்தது சாட்சியமளித்த மிருக வைத்தியர். காற்று ஓடினால் கூளம் உலரும், நாற்றமும் எழாது, கோழியும் இரைக்காது என்றார் அவர். பகையாளிகள் இருவருக்கும் தேவைப்பட்டது ஒரே பொருள்: காற்று. 98ஆம் பிரிவு கேட்ட கேள்வி அயலவரைப் பற்றியதாக இருந்தபடியால், கோழிக்கு என்ன தேவை என்பதை முதல் நாளிலேயே கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நீதவான் பொலித்தீனை அகற்றச் சொன்னார். தகரத்தின்மேல் கிடுகு வேய வேண்டும், ஒழுக்கை அடைக்க வேண்டும், ஈரமான மரத்தூளை உடனுக்குடன் மாற்ற வேண்டும், வாடைக்காலத்தில் மட்டும் இறக்கிவிடக்கூடிய சாக்குப்படங்கு தொங்கவிட வேண்டும் என்று கட்டளை திருத்தப்பட்டது. அடுத்த மாரியில் முறைப்பாடு வரவில்லை. செத்த கோழிகளுக்கு அந்த அம்மாவுக்கு எவரும் ஈடு கொடுக்கவில்லை; அதற்குச் சட்டத்தில் வழியும் இல்லை.

திருகோணமலைப் பக்கம் கொட்டில் போட நினைப்பவர்கள் முகட்டைக் கிழக்கு மேற்காக வையுங்கள், நீளப் பக்கங்களை வலையோடு விடுங்கள், சட்டத்தரணியிடம் வருமுன் மிருக வைத்தியரிடம் போங்கள்.