பெயரைப் பார்த்து ஆறு தேடாதீர்கள்

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் சாலையில் 36 கிலோமீட்டர் ஏறினால் கௌடியாலா. கங்கைக்கரை மணலில் இளைஞர்கள் ராஃப்டுகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மூத்த கைடு மட்டும் எதிர்க்கரைப் பாறையிலேயே கண்ணாக நின்றார். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, ஈரம் காயாத கோடு ஒன்று அதில் தெரிந்தது. "ராத்திரி ஏறிருக்கு, இப்ப இறங்குது சார்" என்றார் இந்தியில்.

கங்கையின் தலையாறுகளில் ஒன்றான பாகீரதியின் குறுக்கே டெஹ்ரி அணை இருக்கிறது. அங்கே திறந்துவிடுவதைப் பொறுத்து, தேவப்பிரயாகைக்குக் கீழே கங்கையின் மட்டம் ஒரே நாளில் கூடும், குறையும். எந்த ஆறு என்று நாம் கேட்கிறோம். இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்றுதான் கைடுகள் கேட்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இவர்கள் கணக்கே தொடங்குகிறது. குடகின் பாரபோலே மழையை நம்பிய ஆறு. தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் படகு இறங்கும். தாண்டேலிப் பக்கத்துக் காளி, சூபா அணை திறப்பதை நம்பியிருக்கிறது. கங்கையிலோ ஜூலை, ஆகஸ்டில் வெள்ளத்துக்குப் பயந்து ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் இங்குள்ள கைடுகள் பலர் லடாக்குக்குப் போய்விடுகிறார்கள். பனி உருகி சன்ஸ்கார் ஆறு நிரம்பி ஓடும் காலம் அது.

ஆற்றின் வேகப்பகுதிகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பது உலக வழக்கம். ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது. கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்னும் இடம் நான்காம் தரம். ஆனால் தண்ணீர் ஏறினால் சில பாறைகள் மூழ்கி அலையே காணாமல் போகும். வேறு சில இடங்கள் இரட்டிப்பு மூர்க்கம் காட்டும். தர எண் நிரந்தரமல்ல.

'வால்' வருவதற்கு முன்பே படகைக் கரையில் கட்டினார்கள். கைடு பாறைமேல் ஏறி, ஒரு மரத்துண்டை ஆற்றில் வீசி, அது போகும் போக்கைப் பார்த்தார். இரு பாறைகளுக்கிடையே தண்ணீர் வழவழவென்று குவிந்து, கீழ்நோக்கி அம்புமுனைபோல் இறங்கினால் அதுதான் வழி. முனை மேல்நோக்கி இருந்தால் அடியில் பாறை. விழுந்த தண்ணீர் திரும்பித் தன்மேலேயே புரண்டால் ஆளையும் படகையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மரத்துண்டு அப்படியொரு புரளலில் சிக்கிச் சுற்றியது. நீச்சல் தெரியாத இருவரைக் கரையோரமாக நடந்துவரச் சொன்னார். அவர்கள் முகம் வாடியது, அவர் மசியவில்லை.

வேகத்துக்குப் பிறகு அமைதியான மடு வருகிறதா, தவறி விழுந்தவரை அங்கே பிடித்து ஏற்ற முடியுமா, கரையேறினால் சாலை பக்கத்தில் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் அலையின் உயரம். இந்தக் கங்கைப் பகுதியில் மடுக்களும் உண்டு, கரையோடு நெடுஞ்சாலையும் உண்டு. புதியவர்களை இங்கே அழைத்துவருவதற்கு அதுவே காரணம்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: இன்று நீர்மட்டம் என்ன, துணைக்குக் கயாக் வருகிறதா, நடுவழியில் எங்கே இறங்கலாம்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் போகாதீர்கள். கைடு இறங்கி நடக்கச் சொன்னால், மறுபேச்சில்லாமல் நடங்கள்.