கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் பார்

பாப்பா,

சர்வர் டீமில் சேர்ந்துவிட்டாய், இந்த மாதம் நைட் ஷிஃப்ட் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ஓய்வு பெற்ற மாமனிடம் அறிவுரைக்கா பஞ்சம் என்று நீ சிரிப்பாய். நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று. கோளாறு என்று அழைப்பு வந்ததும் கை தானாக கீபோர்டுக்கு ஓடும். ஓடவிடாதே. முதலில் பார்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற புகாரையே எடுத்துக்கொள். இந்தத் தொழிலில் அதைவிடச் சாதாரணமான புகார் கிடையாது. அதில் அவசரப்படுவதுபோல வேறெதிலும் ஆட்கள் அவசரப்படுவதும் கிடையாது. டிஎஃப் போட்டால் நூறு சதவீதம் காட்டுகிறது. டியு போட்டுக் கூட்டினால் பாதிகூடத் தேறவில்லை. புதிதாக வந்தவன் என்ன செய்வான்? இருப்பதிலேயே பெரிய லாக் ஃபைலைத் தேடிப்பிடித்து ஆர்எம் கொடுப்பான். ஃபைல் போய்விடும், டிஎஃப் மட்டும் அப்படியே நூறில் நிற்கும். பதறிப்போய் அடுத்த ஃபைலை அழிப்பான்.

யூனிக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. பெயர் டைரக்டரியில் இருக்கிறது. ஃபைல் யாருடையது, எவ்வளவு பெரியது, டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கிறது. ஆர்எம் எடுப்பது பெயரை மட்டும்தான். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கினால் ஆள் வீட்டைவிட்டுப் போய்விடுவாரா? அதே கதைதான் இங்கும். ஏதாவது ஒரு ப்ராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை, அது பிடித்த இடம் திரும்ப வராது. எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் ப்ளஸ் எல் ஒன்று என்று கொடுத்துப் பார். பெயர் போன பிறகும் திறந்தே கிடக்கும் ஃபைல்களையும், பிடித்து வைத்திருக்கும் ப்ராசஸையும் காட்டிக்கொடுக்கும். அதை முறைப்படி ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். ஆனால் அழித்த லாக் வராது. கோளாறு எங்கே தொடங்கியது என்று அந்த லாகில்தான் எழுதியிருக்கும்.

டிஎஃப்பும் டியுவும் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இன்னும் குறும்பானது. பேக்கப் டிஸ்க் ஏதோ ஒரு நாள் மவுன்ட் ஆகாமல் போயிருக்கும். ஸ்க்ரிப்ட்டுக்கு அது தெரியாது. காலியாக இருந்த டைரக்டரியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும், அதாவது ரூட் டிஸ்கிலேயே. மறுநாள் யாரோ பேக்கப் டிஸ்கை அதன்மேல் மவுன்ட் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். கொட்டியதெல்லாம் அடியில் மறைந்து கிடக்கும். டியு எத்தனை முறை ஓடினாலும் அது கண்ணில் படாது.

சில சமயம் இடம் ஏராளமாக இருக்கும், ஆனாலும் இடமில்லை என்று எழுத மறுக்கும். அப்போது டிஎஃப்பில் மைனஸ் ஐ போட்டுப் பார். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில். செஷன் ஃபைல், மெயில் க்யூ என்று பொடிப்பொடியாகக் கோடிக்கணக்கில் சேர்ந்தால், டிஸ்க் பாதி காலியாக இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும். இதே இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் சாதாரண யூசருக்கு முடியாது என்ற வேலை ரூட்டுக்கு நடந்துவிடுகிறது. அந்த ஒதுக்கீட்டில் உடனே கை வைக்காதே. மூச்சு முட்டும் நேரத்தில் உள்ளே நுழைந்து வேலை பார்க்க உனக்கென்று வைத்த இடம் அது.

ஸ்னாப்ஷாட் இருக்கும் இசட்எஃப்எஸ்ஸில் கதை வேறு. பழைய ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்களை நீ எவ்வளவு அழித்தாலும் ஒரு பைட்கூடத் திரும்பாது. அங்கே போய் அழித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம்.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதிலும் இதே அவசரம்தான். இயந்திரம் பெரும்பாலும் தெளிவாகவே சொல்லிவிடுகிறது, நாம்தான் படிப்பதில்லை. டிமெசேஜைப் படி. டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களைச் சொல்லும். 197-ஆம் எண் படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்குக்கு வயதாகிவிட்டது. அவை அசையாமல் இருந்து 199 மட்டும் ஏறினால், சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். சில நூறு ரூபாய்க் கேபிளை மாற்ற வேண்டிய இடத்தில் நல்ல டிஸ்கைக் கழற்றி, ரெய்டை மறுபடி கட்டவைத்து, மற்ற டிஸ்குகளையும் வாட்டுவது எதற்கு?

டிஸ்க் உண்மையிலேயே சாகிறது என்றால் அதில் எந்த மருத்துவமும் பார்க்காதே. முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து வேறு டிஸ்குக்கு நகல் எடு. எஃப்எஸ்சிகே எல்லாம் அந்த நகலில் போட்டுப் பார்க்கலாம். மவுன்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் எஃப்எஸ்சிகே போட்டுச் சரிசெய்யப் பார்ப்பது, கொஞ்சம் கெட்டதை முழுக்கக் கெடுப்பதற்கான வழி.

இனி நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம். 2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம், உலகமெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துக்கொள்ளும் தளம் அது. டேட்டாபேஸுக்குப் பளு ஏறி, முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குப் போகும் நகல் அறுந்துவிட்டது. இரவு நெடுநேரம் விழித்திருந்து அதைச் சீராக்கப் பார்த்தார் ஒரு பொறியாளர். நகலெடுக்கும் ப்ரோக்ராம் ஒரு சொல்லும் சொல்லாமல் அப்படியே நின்றது. பழைய டைரக்டரி அங்கே கிடப்பதால்தான் ஓடவில்லை என்று நினைத்து அதை அழித்தார். அழித்தது துணை சர்வரில் என்று எண்ணிக்கொண்டார். கை இருந்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிபி.

இதில் என்னை உறுத்துவது, சர்வர் மாறிப்போனது அல்ல. அது யாருக்கும் நடக்கும். நகலெடுக்கும் ப்ரோக்ராம் உண்மையில் பழுதாகவே இல்லை. முதன்மை சர்வர் டேட்டா அனுப்பத் தொடங்கட்டும் என்று வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தது. அதன் இயல்பே அதுதான். அந்த மௌனத்தைக் கோளாறு என்று வாசித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. வீட்டில்கூட நாம் பல சண்டைகளை இப்படித்தானே தொடங்குகிறோம்.

பிறகு பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் எடுப்பதாக நம்பியிருந்த டேட்டாபேஸ் பேக்கப்பைக் காணவில்லை. பதிப்பு 9.6 ஓடும் இடத்தில் 9.2-க்கான கருவி ஓடி, ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலையோ, அனுப்பியவர் யாரென்று உறுதியாகவில்லை என்று அஞ்சல் சர்வர் தள்ளிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது, சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு ஒரு சோதனைக்காக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை போனது போனதுதான். ஏறக்குறைய 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய கணக்குகள் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

அவர்கள் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். எதையும் மூடி மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள், முழு அறிக்கையையும் வெளியிட்டார்கள். ஒருவரைப் பலி கொடுத்துக் கைகழுவாமல், ஏன் இப்படி நடக்க வழி இருந்தது என்று கேள்வி கேட்டுக்கொண்டே போனார்கள். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று ப்ராம்ப்டிலேயே பளிச்சென்று தெரியவைப்பது அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று. நீயும் செய்துகொள். அழிக்கும் கமாண்டை அடித்ததும் என்டர் தட்டாதே. ஹோஸ்ட்நேமைப் பார், பக்கத்தில் இருப்பவரை ஒரு முறை படிக்கச் சொல். ராத்திரி மூன்று மணிக்கு யாரை எழுப்புவது என்று கூச்சப்படாதே, சீனியரை எழுப்பு. திட்டினால் திட்டட்டும்.

ரெய்டு இருக்கிறதே என்பார்கள். ரெய்டு பேக்கப் ஆகாது. நீ தவறாக அழித்ததை எல்லா டிஸ்கிலும் உண்மையாகவே அழித்துக் கொடுக்கும். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சில எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேர் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். உள்ளே இருக்கும் டேட்டாவையும் மீட்க முடியாது. மூன்று ஆண்டு, 270 நாள், எட்டு மணி நேரம். அது இரண்டின் 15-ஆம் அடுக்கு என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு எண்ணைப் பார்த்ததுமே தெரியும். ஒரே நாளில் வாங்கி, ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்ட டிஸ்குகள் ஒரு ரெய்டில் இருந்தால் என்ன ஆகும்? ஒன்று போனால் மற்றது தாங்கும் என்ற நம்பிக்கையே அங்கே அடிபட்டுப் போகிறது.

அதனால் பாப்பா, இந்த வாரமே ஒரு வேலை செய். உன் பொறுப்பில் இருக்கும் சர்வர்களில் ஒன்றின் பேக்கப்பை எடுத்து, வேறு ஒரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார். பேக்கப் வெற்றி என்று வரும் பச்சை நிறத்தை நம்பாதே. ஃபைலைத் திற, டேபிளில் நேற்றைய தேதி இருக்கிறதா என்று பார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை. திறக்கவில்லை என்றால் அன்றே மேனேஜரிடம் எழுத்தில் சொல்லிவிடு.